கல்லில் ஏறாத கணக்கு

(செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை வெயில் ஏறுவதற்குள் திருநாதர் குன்றுக்குப் போய்விட்டு வந்தேன். செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியைப் பார்ப்பார்கள், கிருஷ்ணகிரியைப் பார்ப்பார்கள், தேசிங்கு ராஜன் கதையைக் கேட்பார்கள். 2025 ஜூலையில் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற பிறகு ஊரின் பேச்செல்லாம் கோட்டையாகத்தான் இருக்கிறது. சிறுகடம்பூர்ப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிற அந்தச் சின்னக் குன்றை நம்மிலேயே பலர் ஏறிப் பார்த்ததில்லை. ஒரே பாறையின் முகத்தில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக, 24 தீர்த்தங்கரர்களும் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில்தான் நான் பார்க்கப் போன கல்வெட்டு இருக்கிறது.

சந்திரநந்தி ஆசிரிகர் என்ற சமண முனிவர் 57 நாள் அனசனம் நோற்று உயிர் நீத்ததையும், இது அவருடைய நிசீதிகை என்பதையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அனசனம் என்றால் உண்ணாமை. நிசீதிகை என்பது அப்படி நோன்பிருந்து இறந்தவர் அமர்ந்த இடம். எழுத்தின் அமைப்பை வைத்து ஆறாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். ஐம்பத்தேழு என்ற சொல்லின் முதலெழுத்தான ‘ஐ’ அங்கே செதுக்கப்பட்டிருக்கிறதே, தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த எழுத்து கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. கல்வெட்டு படிக்கும் மாணவர்கள் அந்த ஓர் எழுத்துக்காகவே அங்கே வருவதுண்டு. குன்றில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. அது சில நூற்றாண்டு பிற்பட்டது. இளையபடாரர் என்பவர் 30 நாள் அனசனம் நோற்றதைச் சொல்வது.

ஒரு பெயர், ஒரு நாள்கணக்கு, ஒரு சொல். அவ்வளவுதான். அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார், இருபதாம் நாள் இரவு என்ன நினைத்தார், நாற்பதாம் நாள் பயந்தாரா, கடைசியில் தெளிவாக இருந்தாரா, கல் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்க வேண்டும். எண்ண முடிந்ததை எண்ணி, செதுக்க முடிந்ததைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யூதர்களின் ஞானமரபில் உள்ளமும் சடங்கும் எப்படிப் பொருந்துகின்றன என்று பேசச் சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தீர்கள். அதற்கு ஏன் நம் ஊர்க் குன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிற கேள்வி, நமக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான்.

சமணர் இந்த நோன்பைச் சல்லேகனை என்பார்கள். நன்றாக மெலியச் செய்தல் என்பது அந்தச் சொல்லின் பொருள். எதை மெலியச் செய்வது? உடம்பை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் சரி. உள்ளே இருக்கிற கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை என்ற நான்கையும் அவர்கள் கஷாயம் என்பார்கள். நாம் காய்ச்சலுக்குக் குடிக்கிற அதே கஷாயம்தான் சொல். பிசுபிசுப்பானது, கறை பிடிப்பது, வினையை உயிரோடு ஒட்டவைப்பது என்ற கருத்தில் சொன்னார்கள். உடம்பு மெலிய மெலிய இந்தப் பிசுக்கும் மெலிய வேண்டும். உடம்பு மட்டும் மெலிந்தால் அது பட்டினி.

சமணரின் இரு பிரிவினரும் ஏற்றுக்கொண்ட தத்துவார்த்த சூத்திரத்தில் இந்த நோன்பைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்து சொல்லப்பட்டிருக்கின்றன. ஒருவாய் கஞ்சி குடித்துவிட்டால் குற்றம் என்று பட்டியல் தொடங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி இல்லை. இன்னும் கொஞ்சம் வாழ வேண்டும் என்ற ஆசை ஒரு குற்றம். சீக்கிரம் செத்துவிட்டால் தேவலை என்ற ஆசையும் குற்றம். நண்பர்களை நினைத்து உருகுவது, அனுபவித்த சுகங்களை எண்ணிப் பார்ப்பது, இந்த நோன்பின் பலனாக அடுத்த பிறவியில் இன்னது வேண்டும் என்று கேட்பது, இவை மற்ற மூன்று. ஐந்துமே உள்ளே நடப்பவை. பக்கத்தில் உட்கார்ந்து நாள் எண்ணுகிறவர் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் படாது. சந்திரநந்தி 57 நாளும் உண்ணவில்லை என்பதற்குக் கல் சாட்சி. அவர் நோன்பு நோன்பாக இருந்ததா என்பதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்தச் சூத்திரத்துக்கு உரை எழுதிய பூஜ்யபாதர் ஓர் உவமை சொல்கிறார். பண்டகசாலை வைத்திருக்கும் வணிகர் அது அழிவதை விரும்ப மாட்டார். ஆபத்து வந்தால் கட்டடத்தைக் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்பார். முடியாது என்று தெரிந்தபிறகு சரக்கையாவது காப்பாற்றப் பார்ப்பார். உடம்பு பண்டகசாலை, நோற்ற விரதங்கள் சரக்கு. தற்கொலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் செயலில் காட்டவில்லை, செய்கிறவரின் மனநிலையில் காட்டுகிறார். இந்தக் கேள்வி நம் காலத்தில் நீதிமன்றம் வரை போனது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதக் கடைசியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிபதியானாலும் அவர் முன்னால் இருப்பதும் நாள்கணக்குதான். உள்ளே இருப்பதை அவர் எங்கே போய்ப் படிப்பார்?

இனி யூதர்களிடம் போவோம். வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அந்த யூதத் தெருவுக்குள்ளேயே நெகேமியா மோத்தா என்ற ஞானியின் சமாதி உண்டு. அவர் 1615-இல் காலமானார். அவருடைய கல்லறை எழுத்தே அவரைக் கபாலா வல்லவர் என்று சொல்கிறது. கபாலா என்பதுதான் யூதர்களின் மறைஞான மரபுக்குப் பெயர். அந்தச் சமாதியில் யூதர் மட்டுமா விளக்கேற்றினார்கள்? இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வேண்டிக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றிய இடம் அது. நாகூரையும் வேளாங்கண்ணியையும் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். காலை வேண்டுதலை முடித்துவிட்டு வந்திருந்தார். இடது முன்கையில் தோல் அழுந்தி ஏழு தடங்கள் தெரிந்தன. யூத ஆண்கள் வாரநாள் காலைகளில் சிறிய கறுப்புத் தோல்பெட்டி ஒன்றை இடது மேல்கையில் இதயத்துக்கு நேராக வைத்து, அதன் வாரை முன்கையில் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டுவார்கள். இன்னொரு பெட்டியை நெற்றிக்கு மேல், மயிர் தொடங்கும் இடத்தில் கட்டுவார்கள். தெபிலின் என்பது அதன் பெயர். உள்ளே தோல்சுருளில் கையால் எழுதிய வேத வாசகங்கள் இருக்கும். இதயத்துக்கு நேராக ஒன்று, மூளைக்கு நேராக ஒன்று என்பதை நினைத்துக்கொண்டே கட்ட வேண்டும் என்று அவர்களுடைய சட்டநூல் சொல்கிறது. அவரிடம் கேட்டேன்: “ஐயா, தினமும் அப்படி நினைக்க முடிகிறதா?” அவர் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மனசு வராத நாளும் உண்டு. அன்றைக்கும் கட்டுவேன்.”

இந்தப் பதிலை நான் இத்தனை ஆண்டும் சுமந்துகொண்டிருக்கிறேன். இன்றைய பேச்சே அதிலிருந்து வந்ததுதான்.

எபிரேய மொழியில் கவனா என்று ஒரு சொல். நம்முடைய கவனம் என்ற சொல்லோடு ஒலி ஒன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் மறக்காமல் இருக்க உதவும். நேராக நிறுத்துவது, குறி வைப்பது என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. உள்ளத்தைக் குறியை நோக்கித் திருப்பி நிறுத்துவது கவனா. ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுத்த மிஷ்னா என்ற நூலிலேயே இதற்கு அழகான ஒரு வழக்கு வருகிறது. யூதர் புத்தாண்டு நாளில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவதைக் கேட்பது கடமை. ஒருவன் தன் வேலையாக ஜெப ஆலயத்தின் பின்புறத் தெருவில் போகிறான். கொம்பொலி காதில் விழுகிறது. கடமை நிறைவேறிவிட்டதா? அவன் உள்ளத்தை அதில் நிறுத்தியிருந்தால் ஆயிற்று, இல்லையென்றால் ஆகவில்லை என்கிறது மிஷ்னா. காது ஒன்று, ஒலி ஒன்று, தெருவும் ஒன்று. உள்ளே ஒரு திருப்பம் நடந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அதே நூல், முற்காலத்துப் பக்தர்கள் வேண்டுதலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொல்கிறது, உள்ளம் வந்து சேரட்டும் என்று.

பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பஹ்யா இப்னு பக்கூதா என்பவர் ஒரு நூல் எழுதினார். அரபு மொழியில் எழுதியது, பின்னால் எபிரேயத்துக்குப் போனது. எபிரேயத் தலைப்பைத் தமிழில் ‘இதயத்தின் கடன்கள்’ என்று சொல்லலாம். கை கால் செய்ய வேண்டியவற்றைச் சொல்ல எத்தனையோ நூல்கள் இருக்கின்றன, உள்ளம் செய்ய வேண்டியவற்றைச் சொல்ல ஒரு நூல் இல்லையே என்ற குறைதான் அவரை எழுதவைத்தது. கடன் என்று நான் வேண்டுமென்றே சொன்னேன். எபிரேயத்தில் கடமைக்கும் வாங்கிய கடனுக்கும் ஒரே வேர்ச்சொல். நமக்கும் அப்படித்தான். நீர்க்கடன், நேர்த்திக்கடன், காலைக்கடன் எல்லாம் செய்தே தீர வேண்டியவை. அதே சொல்லை வைத்து, மனம் ஒட்டாமல் செய்வதைக் “கடனே என்று செய்கிறான்” என்றும் சொல்கிறோம். உயர்ந்த பொருளும் சலித்த பொருளும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தினமும் ஒரு காரியத்தைச் செய்கிற எந்தச் சமூகத்துக்கும் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

பதினாறாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தின் வடக்கே சபேத் என்ற மலையூரில் கபாலா உச்சத்துக்குப் போனது. அங்கே ஐசக் லூரியா என்ற ஞானி வாழ்ந்தது 1570 முதல் 1572 வரை, மொத்தம் இரண்டு ஆண்டுதான். 38 வயதில் இறந்துவிட்டார். அவர் சொன்னதை மாணவர் ஹயிம் விட்டால் எழுதிவைத்தார். படைப்பின் தொடக்கத்தில் தெய்வ ஒளியைத் தாங்கிய பாத்திரங்கள் உடைந்து, ஒளிப்பொறிகள் உலகமெங்கும் பொருள்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மனிதர் செய்கிற ஒவ்வொரு கடமையும் சரியான உள்நோக்கத்தோடு செய்யப்பட்டால் ஒரு பொறியை மேலே அனுப்பிவைக்கும். இதுதான் அவர் கண்ட காட்சி. இதன் பிறகு கவனா என்ற ஒற்றைச் சொல் ஒரு பெரிய சாத்திரமாகவே வளர்ந்தது. எந்தச் சொல்லை உச்சரிக்கும்போது எந்தத் திருநாமத்தை எந்த எழுத்தமைப்பில் உள்ளே நிறுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக வகுத்தார்கள். யேமனிலிருந்து ஜெருசலேம் வந்த ஷாலோம் ஷராபி 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையில் வேண்டுதல் செய்வோர், ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக நீண்ட நேரம் மௌனமாக நிற்பார்கள்.

ஒவ்வொரு கடமைக்கு முன்னாலும், இதை இன்ன நோக்கத்துக்காகச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் வாசகம் ஒன்றும் பரவியது. நம் கோயில்களில் அர்ச்சகர் ஊரையும் நாளையும் கோத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்துவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கடந்துதான் நாம் மேலே ஏறுகிறோம். நம் முஸ்லிம் சகோதரர்கள் ரமலான் இரவுகளில் நோன்புக்கு நிய்யத்து, அதாவது உள்நோக்கம், வைப்பார்கள். நிய்யத்தின் இடம் உள்ளம்தான், வாயால் சொல்லத்தான் வேண்டுமா என்று அவர்களுடைய அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. பிராகாவின் யூதத் தலைமைக் குரு எசக்கியேல் லாண்டாவும் அந்த முன்வாசகத்தைக் கடுமையாக எதிர்த்தார். முன்னோர் இப்படி எதையும் சொல்லாமலேயே முழு உள்ளத்தோடு செய்தார்களே என்பது அவர் வாதம். எனக்கு அவர் கோபம் புரிகிறது. உள்நோக்கத்தைச் சொல்லாக்கிவிட்டால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும். பிறகு அதையும் கடனே என்று சொல்லத் தொடங்கிவிடுவோம்.

ஹசித் என்ற யூத பக்தி மரபைத் தொடங்கிவைத்த பால் ஷெம் தோவ் 1760-இல் மறைந்தவர். அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று இங்கேதான் வர வேண்டும். புத்தாண்டு நாளில் கொம்பு ஊதும் பொறுப்பைத் தம் சீடர் வொல்ஃப் கிட்ஸஸிடம் கொடுத்து, ஒவ்வோர் ஊதலுக்கும் உரிய உள்நோக்கங்களைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். சீடர் அக்கறையாகக் கற்று, மறந்துவிடக் கூடாதென்று தாளில் எழுதி மடியில் வைத்துக்கொண்டார். ஊத எழுந்தபோது தாளைக் காணோம். மனத்திலும் எதுவும் நிற்கவில்லை. கண்ணீர் வடித்துக்கொண்டே ஊதி முடித்தார். குரு பிறகு சொன்னாராம்: அரசனுடைய அரண்மனையில் அறைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. ஆனால் கோடரி ஒன்று இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். உடைந்த உள்ளம்தான் அந்தக் கோடரி.

இதே கதையின் உடன்பிறப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் பாதத்தை வணங்குகிறார்கள். அவர் அங்கே தவம் செய்தார் என்பது நயினார் எனப்படும் நம் தமிழ்ச் சமணர்களின் வழிவழி நம்பிக்கை. அவர் பிராகிருதத்தில் எழுதிய நூல்களில் ஒன்று பாவபாகுடம். பாவம் என்றால் புண்ணியத்துக்கு எதிரான பாவம் என்று கொள்ளாதீர்கள், உள்ளத்தின் நிலை என்று பொருள். உள்நிலை சரியில்லாமல் ஆடையைத் துறந்து என்ன பயன் என்று துறவிகளைப் பார்த்தே கேட்கிற நூல் அது. அதில் சிவபூதி என்ற முனிவர் வருகிறார். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. வெறுக்காதே, விரும்பாதே என்ற பொருளில் குரு கொடுத்த சின்ன வாசகம்கூட நினைவில் நிற்காமல், ‘துஷ மாஷ’ என்று திரிந்துபோய்விட்டது. தொலி, உளுந்து என்று அதற்குப் பொருள். தப்பு என்று தெரியாமல் அதையே ஓதிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு பெண் ஊறவைத்த உளுந்தைத் தொலி களைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். தொலி வேறு, உளுந்து வேறு. உடம்பு வேறு, உயிர் வேறு. அந்தத் தெளிவில் முழு ஞானம் அடைந்தார் என்கிறார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் சொல்பவர்கள் பெரும்பாலும் சடங்கைத் தாழ்த்துவதற்காகச் சொல்கிறார்கள். உள்ளம் போதும், மற்றது எதற்கு என்று. நானும் இளவயதில் அப்படித்தான் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கதையைத் திரும்பப் பாருங்கள். தாள் தொலைந்ததும் அந்தச் சீடர் கொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போகவில்லை, அழுதுகொண்டே ஊதினார். சிவபூதி தப்பான வாசகத்தை என்றாலும் நாள் தவறாமல் ஓதினார். அவருக்குக் கண் திறந்தது எதனால்? அடுப்படியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கையைப் பார்த்து. இடித்தும் அரைத்தும் ஊறவைத்தும் களைந்தும் நம் வீட்டுப் பெண்கள் செய்கிற வேலையில் எத்தனை ஞானம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறதோ!

பாவபாகுடத்தில் ஒரு மீனும் வருகிறது. நெல்மணி அளவுதான் இருக்கும். ஒரு பெரிய மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பெரிய மீன் வாயைத் திறந்தபடி கிடக்கும்போது எத்தனையோ சிறு மீன்கள் உள்ளே போய் வெளியே வருகின்றன. ‘நானாக இருந்தால் ஒன்றைக்கூட விடமாட்டேனே’ என்று சின்ன மீன் நினைக்கிறது. வாழ்நாளில் ஒன்றையும் விழுங்காத அந்த மீன் அந்த நினைப்புக்காகவே நரகம் போனது. யூதர்களின் தல்மூத் என்ற நூல் இங்கே வேறு வழியில் போகிறது. நல்ல எண்ணம் செயலோடு சேர்த்துக் கணக்கிடப்படும், தீய எண்ணம் சேர்க்கப்படாது என்கிறது. நல்லது செய்ய நினைத்துத் தடைபட்டவருக்குச் செய்த பலனே உண்டு என்கிறது. எனக்கு மீன் கதை பயத்தைத் தருகிறது, தல்மூத் ஆறுதலைத் தருகிறது. இரண்டும் வேண்டியிருக்கிறது.

ஆனால் அடுத்தவர் உள்ளத்தை நாம் கணக்கிடக் கிளம்பும்போது நடப்பது வேறு. நம் பகுதி திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம். பழைய செஞ்சி என்கிற மேலச்சேரிக் கோயிலை மூலக்கோயில் என்பார்கள். காப்புக் கட்டி, பாரதம் படித்து, கூத்து நடத்தி, அர்ச்சுனன் தபசு ஏறி, படுகளம் முடித்து, கடைசியில் தீமிதி. இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பேனா என்று இருந்தபோது என் அத்தை தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு மஞ்சள் சேலை கட்டி, பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து குழியில் இறங்கினார். பாதம் இரண்டும் கொப்புளித்துவிட்டது. விரதம் சரியாக இருந்தால் சுடாது என்பது ஊர்ப்பேச்சு. “என்ன குறை வைத்தாளோ” என்று ஆரம்பித்த வாய்கள் மூடவே இல்லை. புண் ஆற ஒரு மாதம் ஆனது. பேச்சு ஆறுவதற்கு என் அத்தையின் ஆயுள் போதவில்லை. அதற்குப் பிறகு திருவிழாவில் முன்வரிசைக்கு அவர் வந்ததே இல்லை, கூட்டத்தின் பின்னால் நின்றே கும்பிட்டார்.

நான் வளர்ந்து வேலைக்குப் போனபிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அத்தை, குழியில இறங்கறப்போ என்ன நெனச்ச?” வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார். “வேற என்ன நெனப்பேன்? உன் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போனேன்.”

கொப்புளத்தைப் பார்த்து உள்ளத்தைப் படித்தவர்கள் எவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறார்கள்! உடம்பு நம் உள்ளத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைப்பதே பெரிய கொடுமை. இன்றைக்கும் யாருக்காவது பாதம் புண்ணானால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். இதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதே சமயம், அத்தை குழியில் இறங்காமல் மனத்துக்குள் வேண்டிக்கொண்டதோடு விட்டிருந்தால் அந்த அன்பு எனக்குத் தெரிய வந்திருக்குமா? அவர் காலில் இருந்த தழும்பைப் பார்த்துத்தான் நான் அதைக் கற்றேன்.

பூசலார் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். திருநின்றவூரில் காசில்லாத அடியார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டினான். இரண்டுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன் மன்னனை வேறு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உள்ளத்துக்கு வெற்றி என்று முடித்துவிடுவோம். ஆனால் பூசலார் எப்படிக் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்வதைக் கவனியுங்கள். மனத்தால் பொருள் தேடி, தச்சரைத் தேடி, நல்ல நாளில் அடிக்கல் இட்டு, படை படையாக எழுப்பி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளம் வெட்டி, முறைப்படி கட்டினார். கண்ணை மூடிக் கோயில் வந்துவிட்டது என்று நினைக்கவில்லை. ஒரு கொத்தனாரின் பொறுமை அவர் மனத்தில் இருந்தது. இன்னொன்று. மனக்கோயில் கட்டியவருக்காக நம் மக்கள் என்ன செய்தார்கள்? திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்று கல்லாலேயே கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

யூதர்களிலும் முறையை இப்படி வலியுறுத்தியவர் உண்டு. லிதுவேனியப் பக்கத்து வொலோஜின் ஊரில் பெரிய கல்விக்கூடம் நடத்திய ரப்பி ஹயிம், ஹசித்துகளின் உள்ளப் பெருக்கைப் பார்த்துக் கவலைப்பட்டவர். அவர் 1821-இல் மறைந்த பின்பு வெளிவந்த நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். பஸ்கா இரவில் புளிக்காத அப்பத்தை உரிய நேரத்துக்குள் உண்ண வேண்டும். ஒருவன் உள்ளத்தைத் தூய்மைப்படுத்துகிறேன் என்று உட்கார்ந்து உட்கார்ந்து, விடிந்தபிறகு அப்பத்தை எடுக்கிறான். அவன் சேர்த்த தூய்மையெல்லாம் வீண் என்கிறார் அவர். கபாலாவை மறுத்தவர் இல்லை அவர், அதில் ஊறியவர். அதனால்தான் அந்தக் கண்டிப்புக்கு எடை இருக்கிறது.

நயினார் வீடு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இருப்பதும், நம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தமிழ்ச் சமணர்கள் வாழ்வதும் நீங்கள் அறிந்ததே. பொழுது சாய்ந்தபின் உண்ண மாட்டார்கள், தண்ணீரை வடிகட்டித்தான் புழங்குவார்கள். அந்த வீட்டுக் கிணற்றடியில் வயதான அம்மா ஒருவர் இரண்டாக மடித்த வெள்ளைத்துணியைக் குடத்தின் வாயில் போட்டு நீரை வடித்தார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அங்கேயே நிற்கவைத்தது. துணியை உதறவில்லை, பிழியவில்லை. மெதுவாகத் திருப்பிப்போட்டு, வடித்த நீரையே கொஞ்சம் ஊற்றி அலசி, அந்த நீரை வாளியில் பிடித்தார். வாளியை மேலிருந்து கவிழ்க்காமல் கயிற்றோடு இறக்கி, கிணற்றுநீரைத் தொட்டபிறகு சாய்த்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் தங்கியிருக்கும், அவை எங்கிருந்து வந்தனவோ அங்கேயே வலியில்லாமல் போய்ச் சேரட்டும் என்று.

அவர் இடுப்பை ஒட்டி நாலைந்து வயதுப் பேத்தி நின்றிருந்தாள். அவளுக்குச் சூத்திரம் தெரியாது, உரை தெரியாது. கயிற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு அனுமதி. வாளி நீரைத் தொட்டதும் பாட்டி கயிற்றை விட்டுவிட்டுப் பேத்தியின் கையால் சாய்க்கவைத்தார். “மெதுவா, மெதுவா” என்றார். அந்த ‘மெதுவா’வில்தான் கொல்லாமை இருந்தது என்று எனக்குப் பட்டது. அன்று அந்தக் குழந்தையின் உள்ளத்தில் என்ன நுழைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கைக்கு மட்டும் வழி தெரிந்துவிட்டது. கொச்சி முதியவர் மனசு வராத நாளிலும் வாரைச் சுற்றுவதாகச் சொன்னது எனக்குக் கிணற்றடியில்தான் முழுதாக விளங்கியது.

நாளைக் காலை ஆறு மணிக்கு நான் மறுபடி திருநாதர் குன்றுக்குப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கிடைக்காது. வெயில் சாய்வாக விழும் அந்த அரைமணி நேரத்தில்தான் எழுத்துகள் எடுப்பாகத் தெரியும், பிறகு பாறை மங்கிவிடும். மாணவர்கள் ‘ஐ’ எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாம், விரலால் தேய்க்க வேண்டாம். சந்திரநந்தியைப் பார்த்துவிட்டு இளையபடாரரையும் பார்த்துவிட்டு வருவோம். முப்பது நாள்தானே என்று அவரைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அவருக்கு முன்னாலும் சற்று நேரம் உட்காருவோம்.